பாலைவனப் போர்ப் பயிற்சிக் களத்துக்கு வரைபடம்: முழுமையான வழிகாட்டி

கலிஃபோர்னியாவின் மொஹாவி பாலைவனத்தில், பார்ஸ்டோ நகருக்கு வடகிழக்கே இருக்கிறது ஃபோர்ட் இர்வின். 1980களின் தொடக்கத்திலிருந்து அமெரிக்க டாங்கிப் படைகள் போர்ப் பயிற்சி எடுக்கும் களம் இது. ஒதுங்க ஒரு மரம் கிடையாது. வறண்ட ஓடைப் பள்ளங்களும் தரையின் சிறு மடிப்புகளும்தான் மறைவிடம். அவற்றைக் காட்டாத படத்தால் அங்கே பயனில்லை.

படி 1: தரவு சேகரிப்பு

வெடிக்காத குண்டுகள் கிடக்கும் நிலம், வெளியாட்கள் நினைத்தபடி நுழைய முடியாது. அதனால் மேஜையிலிருந்தே தொடங்குங்கள். அமெரிக்க நிலவியல் ஆய்வு நிறுவனத்தின் 'நேஷனல் மேப்' தளத்தில் உயரத் தரவு இலவசம். 1 மீட்டர் லைடார் (லேசர் அளவீட்டு) தரவு கிடைத்தால் அதையே எடுங்கள். 10 மீட்டர் தரவுதான் என்றால் வான்படமும் கட்டாயம் வேண்டும்.

படி 2: ஆயத்தளம்

இடங்களின் ஆயங்களை அளக்கும் அடிப்படைச் சட்டகம்தான் ஆயத்தளம். பழைய படங்கள் 1927ஆம் ஆண்டு ஆயத்தளத்தில் இருக்கும். ஜிபிஎஸ் பேசுவது டபிள்யூஜிஎஸ் 84. இரண்டையும் கலந்தால் கலிஃபோர்னியாவில் யூடிஎம் கட்ட ஆயங்களில் புள்ளி சுமார் 200 மீட்டர் நகர்ந்துவிடும். பீரங்கி சுடும் இடத்தில் இது உயிர் போகிற பிழை. எல்லா அடுக்குகளையும் டபிள்யூஜிஎஸ் 84 ஆயத்தளத்தில் யூடிஎம் 11ஆம் மண்டலத்துக்கு மாற்றிய பிறகே அடுத்த வேலை.

படி 3: பள்ளங்களை வெளிக்கொணர்தல்

உழைப்பைக் கொட்ட வேண்டிய படி இதுதான். 1:50,000 படத்தில் சம உயரக்கோடுகளின் இடைவெளி வழக்கமாக 20 மீட்டர். 5 மீட்டர் ஆழப் பள்ளம் ஒரு டாங்கியை முழுதாக விழுங்கும். ஆனால் இரண்டு கோடுகளுக்கு நடுவே சுவடில்லாமல் போய்விடும். அதன் அகலம் 10 மீட்டர் என்றால் தாளில் வெறும் 0.2 மில்லிமீட்டர்.

க்யூஜிஐஎஸ் மென்பொருளில் மலை நிழல் அடுக்கு உருவாக்குங்கள். சூரிய உயரம் வழக்கமாக 45 பாகையில் இருக்கும். 20க்கு இறக்கினால் மேலோட்டமான மடிப்புகூடத் துலங்கும். ஒளி வரும் திசையிலேயே ஓடும் பள்ளம் தெரியாது. ஆகவே திசையை மாற்றி இன்னொரு நிழல் அடுக்கும் வேண்டும். கண்ணில் பட்ட பள்ளங்களைத் தனிக் குறியீட்டுடன் கையால் வரையுங்கள். கணினி தானாக வரையும் கோடுகளை மட்டும் நம்பாதீர்கள். சமவெளியில் 5 மீட்டர் இடைவெளியில் துணைக்கோடுகளும் சேர்க்கலாம்.

படி 4: வறண்ட ஏரிகள்

பைசைக்கிள் ஏரி போன்ற தட்டையான களிமண் தரைகளில் கோடே விழாது. வெற்றிடமாக விடாமல் விளிம்பை வரைந்து, உயரப்புள்ளி இடுங்கள்.

படி 5: எல்லைகளும் ஓரக்குறிப்பும்

கோல்ட்ஸ்டோன் விண்வெளித் தொடர்பு ஆன்டெனாக்களும் பாலைவன ஆமைப் பாதுகாப்புப் பகுதிகளும் இந்தத் தளத்துக்குள்தான் வருகின்றன. எங்கே வண்டி ஓட்டக் கூடாது என்பது படத்தில் பளிச்சென்று தெரிய வேண்டும். வண்டித்தடங்கள் பயிற்சிக்குப் பயிற்சி மாறும் என்பதால் வான்படம் எடுத்த தேதியை ஓரத்தில் அச்சிடுங்கள். காந்த விலக்கத்தையும் அதைக் கணித்த ஆண்டையும் அங்கேயே சேருங்கள்.