‘சர்வீஸால் வந்ததல்ல’ என்று கடிதம் வந்தால்

டிஸெபிலிட்டி பென்ஷன் மறுக்கப்பட்டு என்னிடம் வரும் நம் திருவண்ணாமலைப் பக்கத்து முன்னாள் ராணுவத்தினர் கட்டுக்கட்டாக ஆஸ்பத்திரிச் சீட்டுகளைக் கொண்டுவருகிறார்கள். நோய் இருப்பதை யாரும் மறுக்கவில்லையே ஐயா! அது சர்வீஸால் வரவில்லை, சர்வீஸால் முற்றவும் இல்லை என்பதுதான் மறுப்பு.

டிஸ்சார்ஜ் புத்தகம், பிபிஓ (பென்ஷன் வழங்கல் ஆணை), மறுப்புக் கடிதம் மூன்றையும் நகலெடுங்கள். பிறகு ரெக்கார்டு ஆபீசுக்கு (மெட்ராஸ் ரெஜிமென்ட் என்றால் வெலிங்டன்) தகவல் உரிமைச் சட்டப்படி எழுதி, ரிலீஸ் மெடிக்கல் போர்டு அறிக்கையோடு ஆளெடுப்பின்போது செய்த மருத்துவப் பரிசோதனைத் தாளையும் கேளுங்கள். இந்த இரண்டாவது தாளைப் பெரும்பாலோர் விட்டுவிடுகிறார்கள். வழக்கின் உயிரே அதுதான்.

சேர்ந்தபோது அந்த நோய் குறிக்கப்படவில்லை என்றால், அது பணியில் வந்ததாகவே கொள்ள வேண்டும். இல்லையென நிரூபிப்பது அரசின் பொறுப்பு. 2013-இல் தரம்வீர் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது இது. அவருக்கு வந்தது வலிப்பு. ‘ராணுவ சர்வீஸோடு தொடர்பில்லை’ என்று போர்டு ஒரே வரியில் தள்ளியிருந்தது. உங்கள் அறிக்கையிலும் காரணம் காட்டாத அப்படியொரு வரி இருக்கிறதா பாருங்கள். இருந்தால் அதை அப்படியே மேல்முறையீட்டில் எடுத்தெழுதி, ‘காரணம் எங்கே?’ என்று கேளுங்கள். 2023 செப்டம்பர் 21-க்குப் பின் வெளிவந்தவர்களுக்குப் புது விதிகள். அவர்கள் வக்கீலைக் கேட்காமல் எழுத வேண்டாம்.

‘பீஸ் ஸ்டேஷனில் (அமைதிப் பகுதியில்) வந்தது’ என்பதும் அடிக்கடி வரும் காரணம். அதற்கு ஒரு தாளை இரண்டாக மடியுங்கள். இடப்பக்கம் போஸ்டிங் வரிசை, வலப்பக்கம் நோயின் தேதிகள். பனிமலையிலிருந்து இறங்கிய சில மாதங்களில் ரத்த அழுத்தம் பிடிபட்டிருந்தால், அந்தத் தாளே பேசும். தேதி மறந்துபோனால் வீட்டு டிரங்குப் பெட்டியைத் திறக்கச் சொல்லுங்கள். ‘தலைவலி தாங்கலை’ என்று நீங்கள் வீட்டுக்கு எழுதிய பழைய இன்லேண்டு கடிதத்தில் தபால் முத்திரை இருக்கும். நான் அதையும் இணைப்பேன்.

ஊனம் 20 சதவீதத்துக்குக் குறையாமல் இருக்க வேண்டும். நோய்க்காகவே பாதியில் அனுப்பப்பட்டவர்களுக்கு அதற்குக் குறைவாக எழுதியிருந்தாலும் 20-க்கு மேல் என்றே கொள்ள வேண்டும் என்று 2014-இல் சுக்விந்தர் சிங் தீர்ப்பு சொல்கிறது.

முதல் மேல்முறையீட்டை மறுப்புக் கடிதம் வந்த ஆறு மாதத்துக்குள் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். அதுவும், இரண்டாவது மேல்முறையீடும் தள்ளுபடியானால் சென்னையில் ஆயுதப்படைத் தீர்ப்பாயம் இருக்கிறது. பல வருடம் கழித்துப் போனாலும் கதவு திறக்கலாம். ஆனால் நிலுவை பொதுவாக மூன்று வருடத்துக்குத்தான் கிடைக்கும். மனு எழுத முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் உதவி கேளுங்கள். பௌர்ணமியன்று மட்டும் போகாதீர்கள், கிரிவலக் கூட்டத்தில் பஸ் நகராது.