துவக்கத்தில் இணையாத வட்டு: லினக்ஸ் கணினியில் பழுது காணும் முறை

காலையில் ஆய்வகத்தைத் திறந்து கணினிகளை இயக்குகிறோம். மற்றவை எல்லாம் முகப்புத் திரைக்கு வந்துவிட, ஒன்று மட்டும் கறுப்புத் திரையிலேயே நிற்கிறது. சிவப்பு நட்சத்திரக் குறிகள் இடமும் வலமுமாக நகர்கின்றன. பக்கத்தில் வினாடிகள் ஒவ்வொன்றாக ஏறி, 1 நிமிடம் 30 வினாடியைத் தொட்டதும் 'எமர்ஜென்சி மோட்' என்ற அறிவிப்பு வருகிறது. பழுது பார்ப்பவரை அழைத்தால் பெரும்பாலும் கிடைக்கும் பதில், "ஃபார்மட் பண்ணிப் புதுசா போட்டுடலாம் சார்" என்பதே.

அந்தப் பதிலுக்கு உடனே தலையாட்டிவிடக் கூடாது. பன்னிரண்டாம் வகுப்பு மாணவர்கள் ஓராண்டாகச் சேமித்த செய்முறைப் பயிற்சிக் கோப்புகள், வினாத்தாள்கள், மதிப்பெண் பட்டியல்கள் எல்லாம் அந்தக் கணினியில் இருக்கலாம். இப்படி நிற்கும் கணினிகள் பலவற்றில் தரவுக்கு எந்தச் சேதமும் ஏற்பட்டிருக்காது. எந்த வட்டை எங்கே இணைக்க வேண்டும் என்று சொல்லும் ஒரே ஒரு வரிதான் பொருந்தாமல் போயிருக்கும். அந்த வரியைத் திருத்த ஒரு பாடவேளைகூடத் தேவைப்படாது.

இக்கட்டுரையில் கட்டளைகளை ஒலிப்பில் தருகிறோம். கணினியில் அவற்றை ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் தட்டச்சு செய்ய வேண்டும். 'மைனஸ்' என வருமிடத்தில் சிறு கோட்டுக்குறி இட வேண்டும். அதற்கு முன் ஓர் இடைவெளி உண்டு.

வருகைப் பதிவேடும் எமிஸ் எண்ணும்

விண்டோஸில் ஒவ்வொரு வட்டுக்கும் சி, டி என்று ஓர் எழுத்து இருக்கும். லினக்ஸில் அப்படி இல்லை. எல்லா வட்டுகளும் ஒரே மரத்தின் கிளைகளாக, ஏதேனும் ஓர் அடைவில் வந்து பொருந்த வேண்டும். இப்படிப் பொருத்துவதே 'மவுண்ட்'. எந்த வட்டு எந்த அடைவில் பொருந்தும் என்பது இ.டி.சி. அடைவில் உள்ள எஃப்எஸ்டேப் என்ற சிறிய உரைக்கோப்பில் எழுதப்பட்டிருக்கும்.

அதை வருகைப் பதிவேடு என்று மாணவர்களிடம் சொல்லலாம். கணினி துவங்கும்போது கெர்னல் முதலில் மூல வட்டைப் பொருத்துகிறது. அடுத்து சிஸ்டம்டி என்ற நிரல் பொறுப்பேற்று, பதிவேட்டைத் திறந்து ஒவ்வொரு பெயராகக் கூப்பிடுகிறது. பெயர் இருந்து ஆள் வராவிட்டால் 90 வினாடி காத்திருக்கும். அதன்பிறகும் வராவிட்டால், மேலே சென்றால் தரவு கெட்டுவிடலாம் என்று கருதிப் பள்ளியையே நிறுத்திவிடுகிறது. எமர்ஜென்சி மோட் என்பது அதுதான். இது கணினி செயலிழந்த நிலை என்று பலர் அஞ்சுகிறார்கள். உண்மையில் இது நம்மைக் காப்பதற்காக வைக்கப்பட்ட தடை.

பதிவேட்டின் ஒவ்வொரு வரியிலும் ஆறு கட்டங்கள் உண்டு: வட்டின் அடையாளம், பொருந்த வேண்டிய அடைவு, கோப்பு முறைமையின் வகை, விருப்பங்கள், பின்னர் இரண்டு எண்கள். கடைசி எண், துவக்கத்தில் வட்டைச் சோதிக்கும் வரிசை. மூல வட்டுக்கு 1, மற்றவற்றுக்கு 2, சோதனை வேண்டாம் என்றால் 0.

முதல் கட்டத்தில்தான் கோளாறு அதிகம். பழைய வழக்கப்படி அங்கே எஸ்.டி.ஏ., எஸ்.டி.பி. போன்ற பெயர்களை எழுதுவார்கள். இவை பெஞ்சில் அமரும் வரிசை போன்றவை. வட்டுகளைக் கெர்னல் கண்டறியும் வரிசையில் கிடைக்கும் பெயர்கள் என்பதால், முதல் நாள் யாரோ செருகிவிட்டு மறந்த ஒரு பென் டிரைவ்கூட மறுநாள் வரிசையை மாற்றிவிடலாம். இதைத் தவிர்க்கவே யூ.யூ.ஐ.டி. என்ற நீண்ட அடையாள எண் பயன்படுகிறது. இது மாணவரின் எமிஸ் எண் போன்றது. எந்தப் பெஞ்சில் உட்கார்ந்தாலும் மாறாது. ஆனால் ஒரு பார்ட்டிஷனை ஃபார்மட் செய்தால் அதற்குப் புதிய எண் வந்துவிடும். வட்டை மாற்றியவரோ ஃபார்மட் செய்தவரோ பதிவேட்டைத் திருத்தாமல் விட்டால், அடுத்த துவக்கத்திலேயே கணினி நின்றுவிடும்.

திரையின் முன் அமர்ந்ததும்

முதலில் செருகியுள்ள பென் டிரைவ், வெளி வட்டு எல்லாவற்றையும் எடுத்துவிட்டு ஒருமுறை மீண்டும் இயக்கிப் பார்க்கலாம். சரியாகிவிட்டால் பதிவேட்டில் பழைய வகைப் பெயர் இருக்கிறது என்று ஊகிக்கலாம்.

அப்படியும் நின்றால், திரை கேட்கும் ரூட் கடவுச்சொல்லைத் தர வேண்டும். சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸ், டெபியனை அடிப்படையாகக் கொண்டது. டெபியன் வகையில் ரூட் கணக்கு பூட்டப்பட்டிருந்தால் உள்ளே விட மறுக்கும். அப்போது லைவ் யூ.எஸ்.பி. மூலம் கணினியை இயக்கி, உள் வட்டில் இருக்கும் எஃப்எஸ்டேப் கோப்பைத் திறக்க வேண்டும். லைவ் யூ.எஸ்.பி.க்கும் சொந்தமாக அதே பெயரில் ஒரு கோப்பு உண்டு. அதைத் திருத்திப் பயனில்லை.

உள்ளே நுழைந்ததும் எதையும் மாற்றாமல் படிப்பது நல்லது. 'சிஸ்டம்சிடிஎல் மைனஸ் மைனஸ் ஃபெயில்ட்' என்ற கட்டளை எது தோற்றது என்று சொல்லும். 'ஜர்னல்சிடிஎல் மைனஸ் எக்ஸ்பி' இந்தத் துவக்கத்தின் முழுக் குறிப்பையும் காட்டும். அடுத்து 'எல்எஸ்பிஎல்கே மைனஸ் எஃப்' தர வேண்டும். கணினியில் இப்போது உண்மையில் இருக்கும் வட்டுகள், அவற்றின் வகை, யூ.யூ.ஐ.டி. எண்கள் ஆகியவை பட்டியலாக வரும். இப்பட்டியலையும் எஃப்எஸ்டேப் கோப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட வேண்டும். எண் மாறியிருக்கிறதா, வகை மாறியிருக்கிறதா, வட்டே பட்டியலில் இல்லையா என்பது இந்த ஒப்பீட்டிலேயே தெரிந்துவிடும்.

திருத்துவதற்கு நானோ போதும். கோப்பைச் சேமிக்க முடியாமல், படிக்க மட்டுமே அனுமதி என்று வந்தால், 'மவுண்ட் மைனஸ் ஓ ரீமவுண்ட் காற்புள்ளி ஆர்டபிள்யூ' என்று தந்து ஓர் இடைவெளி விட்டுச் சாய்கோடு இட வேண்டும். 'காற்புள்ளி' என்ற இடத்தில் அந்தக் குறியை இடைவெளியின்றி இடுக. பழைய வரியை அழிக்க வேண்டாம். அதன் தொடக்கத்தில் ஒரு ஹேஷ் குறி இட்டால் கணினி அதைப் படிக்காது, நமக்கோ சான்று இருக்கும். சரியான எண்ணுடன் புதிய வரியைக் கீழே எழுதலாம். விருப்பங்களை எழுதும்போது காற்புள்ளிக்குப் பின் இடைவெளி விடக் கூடாது. தமிழிலும் ஆங்கிலத்திலும் காற்புள்ளிக்குப் பின் இடைவெளி விட்டே பழகிய கை இங்கே தவறும். அந்த ஓர் இடைவெளியால் மீதி அடுத்த கட்டத்துக்குப் போய்விடும்.

சேமித்தவுடன் கணினியை மீண்டும் துவக்கிச் சோதிக்கத் தேவையில்லை. 'ஃபைண்ட்மவுண்ட்' எனத் தொடங்கும் ஒரு கட்டளை உண்டு, எழுதும்போது எஃப்.ஐ.என்.டி.எம்.என்.டி. அதனுடன் 'மைனஸ் மைனஸ் வெரிஃபை' சேர்த்தால் பதிவேட்டின் எழுத்துப் பிழைகளைக் காட்டும். பின் 'சிஸ்டம்சிடிஎல் டீமன்-ரீலோட்', அடுத்து 'மவுண்ட் மைனஸ் ஏ'. பிழைச்செய்தி எதுவும் வரவில்லை என்றால் பதிவேட்டில் உள்ளவர்கள் எல்லாரும் வந்துவிட்டார்கள் என்று பொருள். எஃப்எஸ்டேப் கோப்பை எப்போது தொட்டாலும் இதைச் செய்துவிட்டே கணினியை அணைக்க வேண்டும்.

நோஃபெயில்: உதவியும் ஆபத்தும்

பாடக் கோப்புகளுக்கான இரண்டாவது வட்டு வராவிட்டாலும் கணினி துவங்கினால் போதும் என்று நினைத்தால், நான்காம் கட்டத்தில் 'நோஃபெயில்' என்ற சொல்லைச் சேர்க்கலாம். வராத வட்டுக்காகச் சிஸ்டம்டி காத்திருக்காமல் மேலே செல்லும். செய்முறைத் தேர்வு நாளில் இது பெரிய உதவி. மூல வட்டுக்கு இது பொருந்தாது. மாணவர்களின் ஹோம் அடைவு தனி வட்டில் இருந்தால் அதற்கும் வேண்டாம். உள்நுழைந்த மாணவருக்குத் தன் வீடே இல்லாத நிலை வரும்.

ஆனால் இச்சொல்லால் வேறொரு சிக்கல் வரக்கூடும். 'பாடம்' என்ற அடைவில் இரண்டாவது வட்டு பொருந்துகிறது என்று கொள்வோம். ஒருநாள் வட்டு வரவில்லை; நோஃபெயில் இருப்பதால் கணினி ஒன்றும் சொல்லாமல் துவங்கிவிட்டது. 'பாடம்' அடைவு மட்டும் மூல வட்டில் வெறுமையாக நிற்கிறது. அதை உருவாக்கியவர் எல்லாரும் எழுதலாம் என்று 777 அனுமதி தந்திருந்தால், மாணவர்கள் வழக்கம்போல் அங்கே சேமிக்கிறார்கள். மறுநாள் கேபிளைச் சரியாகச் செருகியதும் வட்டு வந்து அந்த அடைவின் மேல் பொருந்திவிடுகிறது. முந்தைய நாள் சேமித்தவை அனைத்தும் அடியில் மறைந்துவிடுகின்றன. "நேத்து செஞ்ச புரோகிராமைக் காணோம் மிஸ்" என்று ஒரு மாணவி சொல்லும்போது அவள் சேமிக்க மறந்துவிட்டாள் என்றுதான் நமக்குத் தோன்றும். அவள் மீது தவறில்லை, கோப்பும் அழியவில்லை. 'யூமவுண்ட்' கட்டளையால் வட்டைப் பிரித்துப் பார்த்தால் அடியில் இருக்கும். எழுதும்போது அதில் முதல் யூவுக்குப் பின் என் எழுத்து வராது: யூ.எம்.ஓ.யூ.என்.டி.

இதைத் தடுக்க, வட்டு பொருந்தாத நிலையில் அந்த வெற்று அடைவைப் பூட்டிவிடலாம். சி.எச்.ஏ.டி.டி.ஆர். என்று தட்டச்சு செய்து, இடைவெளி விட்டு, பிளஸ் குறியும் ஐ எழுத்தும் சேர்த்து, அடைவின் பெயரைத் தர வேண்டும். பிறகு வட்டு இல்லாதபோது அங்கே யாராலும் எழுத முடியாது. சேமிக்கும்போதே பிழைச்செய்தி வரும். வட்டு பொருந்துவதற்கு இப்பூட்டு தடையாகாது.

விண்டோஸும் சேர்ந்திருக்கும் கணினி

ஒரே கணினியில் இரண்டு இயக்க அமைப்புகளும் இருக்கும்போது, விண்டோஸின் பார்ட்டிஷன் லினக்ஸில் பொருந்த மறுப்பதுண்டு; அல்லது படிக்க மட்டுமே அனுமதிக்கும். பெரும்பாலும் இதற்குக் காரணம் விண்டோஸின் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப். 'ஷட் டவுன்' கொடுத்தாலும் விண்டோஸ் முழுமையாக அணையாமல் பாதி உறக்கத்தில் வட்டைப் பிடித்து வைத்திருக்கும். பவர் ஆப்ஷன்ஸ் பகுதியில் அதை நீக்கிவிட்டால் சரியாகும். அவசரத்துக்கு, விண்டோஸில் 'ரீஸ்டார்ட்' தந்து அங்கிருந்து லினக்ஸுக்கு வரலாம். வட்டில் பிழை இருந்தால் விண்டோஸின் செக்டிஸ்க் கொண்டுதான் சரி செய்ய வேண்டும்.

உண்மையிலேயே வட்டு பழுதானால்

மின்தடையால் திடீரென அணைந்த கணினியில், கோப்பு முறைமையைச் சோதிக்கும் எஃப்.எஸ்.சி.கே. கட்டளையை நாமே இயக்கும்படி திரை கேட்கலாம். எக்ஸ்ட்4 வகை தன் நாட்குறிப்பைக் கொண்டு சிறு பிழைகளைத் தானே சரி செய்துகொள்ளும்; அது முடியாதபோதுதான் இவ்வாறு கேட்கும். பொருந்தியிருக்கும் வட்டின் மேல் இக்கட்டளையை இயக்கவே கூடாது. முதலில் 'மைனஸ் என்' சேர்த்து இயக்கினால் எதையும் மாற்றாமல் பிழைகளை மட்டும் பட்டியலிடும். பிறகு திருத்தச் சொல்லலாம். எக்ஸ்.எஃப்.எஸ். வகைக்கு வேறு கருவி உண்டு.

குறிப்பில் 'இன்புட்/அவுட்புட் எரர்' என்ற சொற்கள் திரும்பத் திரும்ப வந்தால் எஃப்.எஸ்.சி.கே. வேண்டாம். வட்டோ கேபிளோ கெட்டிருக்கும் அறிகுறி அது. கெட்டுக்கொண்டிருக்கும் வட்டில் திருத்த முயல்வது இருப்பதையும் அழித்துவிடும். கணினியை அணைத்து, மின் இணைப்பை நீக்கி, சேட்டா கேபிளைக் கழற்றிச் செருகிப் பார்க்கலாம். பள்ளிகளில் தூசியாலும் மேசையை நகர்த்துவதாலும் கேபிள் தளர்வது சாதாரணம். அதன்பிறகும் தொடர்ந்தால் ஸ்மார்ட்சிடிஎல் கருவி, வட்டு தன்னைப் பற்றி வைத்திருக்கும் குறிப்பைக் காட்டும். அதில் 'கரண்ட் பெண்டிங் செக்டர்' என்ற வரியின் எண் ஏறிக்கொண்டே போனால், டிடிரெஸ்க்யூ கொண்டு வட்டை முழுமையாக வேறொரு நல்ல வட்டுக்குப் படியெடுத்துவிட்டு, அந்தப் படியில்தான் மீட்பு வேலை செய்ய வேண்டும்.

பழைய கணினிகளில் இன்னொன்றையும் கவனிக்கலாம். மதர்போர்டில் உள்ள காசு வடிவ சிமோஸ் பேட்டரி தீர்ந்துவிட்டால் கணினியின் கடிகாரம் பல ஆண்டுகள் பின்னால் போய்விடும். வட்டு கடைசியாகப் பொருந்திய நாள் எதிர்காலத்தில் இருக்கிறதே என்று சோதனைக் கருவி குழம்பும். பழைய பதிப்புகளில் துவக்கமே நின்றுவிடுவதுண்டு. பயாஸ் அமைப்புகள் மாறி வட்டே தெரியாமல் போவதும் இதனால் நேரலாம். சிஆர்2032 பேட்டரி ஒன்றை மாற்றினால் தீரும் பழுதுக்கு வட்டை மாற்றியவர்களும் உண்டு.

வகுப்பில் செய்ய ஒரு பயிற்சி

இதைப் பதினொன்றாம் வகுப்பில் இயக்க அமைப்புப் பாடத்தோடு சேர்த்து நடத்தலாம். ஆய்வகக் கணினியைத் தொடாமல், விர்ச்சுவல்பாக்ஸில் ஒரு மெய்நிகர்க் கணினியை நிறுவி, அதற்கு இரண்டாவது வட்டு ஒன்றையும் தந்து பொருத்திவிட வேண்டும். துவங்குமுன் 'ஸ்னாப்ஷாட்' எடுத்துக்கொண்டால் எத்தனை முறை வேண்டுமானாலும் பழைய நிலைக்குத் திரும்பலாம். ஒரு குழு பதிவேட்டில் ஒரே ஒரு பிழையை ஒளித்து வைக்கட்டும்: யூ.யூ.ஐ.டி.யில் ஓர் எழுத்து, கோப்பு முறைமையின் வகை, காற்புள்ளிக்குப் பின் இடைவெளி என ஏதேனும் ஒன்று. மற்றக் குழு கணினியைத் துவக்கி, குறிப்பைப் படித்து, பிழை எங்கே என்று முதலில் தாளில் எழுத வேண்டும். அதன்பின்தான் விசைப்பலகையைத் தொடலாம். தாளில் எழுதச் சொல்லாவிட்டால் மாணவர்கள் கண்டதையும் மாற்றிப் பார்ப்பார்கள். எதனால் சரியானது என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

ஆய்வகத்துக்கான வேலை ஒன்றும் உண்டு. எல்லாம் நன்றாக இருக்கும் ஒரு நாளில் ஒவ்வொரு கணினியிலும் 'எல்எஸ்பிஎல்கே மைனஸ் எஃப்' தந்து, வரும் பட்டியலையும் எஃப்எஸ்டேப் கோப்பையும் அச்செடுத்து இருப்புப் பதிவேட்டில் அந்தக் கணினியின் பக்கத்தில் ஒட்டிவைக்கலாம். ரூட் கடவுச்சொல்லை அங்கே எழுத வேண்டாம். உறையிலிட்டு ஒட்டித் தலைமையாசிரியர் அறையில் வைக்கலாம். கணினிப் பயிற்றுநர் விடுப்பில் இருக்கும் நாளில் கணினி நின்றாலும், அந்த அச்சுத்தாளையும் திரையையும் ஒப்பிட வேறு ஆசிரியர் ஒருவரால் முடியும்.