அழகு வீடு... அடைமழையையும் தாங்கட்டும்!

புரட்டாசி பிறந்துவிட்டால் வீட்டில் யாருக்கும் கை ஓயாது. பரணிலிருந்து பொம்மைப் பெட்டியை இறக்கணும், ஒட்டடை அடிக்கணும், தீபாவளிக்குள் வெள்ளை அடிக்கணும், கார்த்திகைக்கு அகல் வாங்கணும். ‘‘இந்த வேலைக்கு நடுவே வைத்தியர் எதுக்கு வந்தார்?’’ என்று கேட்காதீர்கள். காரணத்தோடுதான் வந்திருக்கிறேன்.

சித்த மருத்துவம் ஓர் ஆண்டை ஆறு பெரும்பொழுதுகளாகப் பிரிக்கிறது. ஆவணியும் புரட்டாசியும் கார்காலம். ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர்காலம். பருவம் மாறும்போது உணவும் பழக்கமும் மாற வேண்டும் என்பது எங்கள் பாடத்தின் அரிச்சுவடி. உடம்புக்குச் சொன்னது உடம்பு குடியிருக்கும் வீட்டுக்கும் பொருந்தும். வடகிழக்குப் பருவமழை அக்டோபர் மூன்றாம் வாரத்தையொட்டித் தொடங்கி டிசம்பர் வரை பெய்கிறது. தமிழ்நாட்டின் ஓராண்டு மழையில் கிட்டத்தட்டப் பாதி இந்த மூன்று மாதத்தில்தான். கொலு, தீபாவளி, கார்த்திகை மூன்றும் வருவதும் இதையொட்டித்தான். ஆக, பண்டிகைக்காக நீங்கள் எப்படியும் செய்யப் போகிற வேலையைக் கொஞ்சம் யோசித்துச் செய்தால் போதும். மழைக்கால நோய்களில் பலவற்றை வாசலிலேயே நிறுத்திவிடலாம்.

எந்த அலங்காரம் செய்தாலும் மூன்று கேள்வி கேளுங்கள். இதில் நீர் தேங்குமா? தூசி தங்குமா? காற்று தடைபடுமா? மூன்றுக்கும் ‘இல்லை’ என்று பதில் வந்தால் அது நல்ல அலங்காரம்.

முதலில் மொட்டை மாடி

வேலையை மேலிருந்து தொடங்குங்கள். மாடியில் நீர் போகும் துவாரங்களில் அடைத்திருக்கும் சருகையும் மண்ணையும் எடுங்கள். மழைநீர் சேகரிப்பு 2003-ல் கட்டாயமானபோது போட்ட குழாய் பல வீடுகளில் உண்டு. அதன் வாய் அடைத்திருந்தால் நீர் கூரையிலேயே நின்று சுவருக்குள் இறங்கும். ஒரு வாளித் தண்ணீரை ஊற்றிப் பாருங்கள், உடனே தெரிந்துவிடும். பழைய டயர், உடைந்த பக்கெட், கொட்டாங்குச்சி எதுவும் மாடியில் வேண்டாம். தண்ணீர்த் தொட்டியைக் கழுவி, மூடி சரியாகப் பொருந்துகிறதா என்று பாருங்கள்.

பரணும் பொம்மைப் பெட்டியும்

ஒரு வருஷம் மூடிக் கிடந்த பெட்டியைத் திறக்கும்போது பொம்மையோடு தூசியும் பூசணமும் சேர்ந்தே வெளியே வரும். வீசிங் உள்ள பிள்ளையைப் ‘‘பொம்மையைத் துடைடா கண்ணா’’ என்று பக்கத்தில் உட்கார வைக்காதீர்கள். பெட்டியை வராந்தாவிலோ மாடியிலோ வைத்துத் திறங்கள். மூக்கையும் வாயையும் துணியால் கட்டிக் கொள்ளுங்கள். ஈரமாக இல்லாமல் லேசாகப் பிழிந்த துணியால் துடையுங்கள். காகிதக்கூழ் பொம்மைக்கு உலர்ந்த துணிதான் நல்லது. பொதிந்திருந்த பழைய துணிகளை வெந்நீரில் துவைத்து வெயிலில் காயப் போடுங்கள். அந்த வேலை நடக்கும்போது வீசிங் பிள்ளைக்குத் தோரணம் வெட்டும் வேலையைக் கொடுங்கள். அதுவும் மகிழ்ச்சியாக இருக்கும்.

திரும்ப எடுத்து வைக்கும்போது அந்துருண்டையைக் கை நிறைய அள்ளிப் போடுகிறோம். இதில் எச்சரிக்கை தேவை. குழந்தை அதை மிட்டாய் என்று வாயில் போடலாம். சில குழந்தைகளுக்குப் பிறவியிலேயே ஒரு நொதி குறைவாக இருக்கும். அவர்களுக்கு இந்த உருண்டையால் இரத்தச் சிவப்பணுக்கள் சிதைந்து மஞ்சள் காமாலை வரலாம். கைக்குழந்தையின் துணி உள்ள அலமாரியில் அது கூடவே கூடாது. காய்ந்த வேப்பிலையையும் தட்டிய வசம்பையும் துணியில் முடிந்து வையுங்கள். மாதம் ஒரு முறை மாற்றினால் போதும்.

கொலுவில் ஒரு குளம்

கொலுப் படிக்குக் கீழே பூங்கா கட்டி, நடுவே ஒரு குளம் வைப்பது பிள்ளைகளுக்குப் பிடித்த வேலை. கூடத்தில் உருளியில் நீர் ஊற்றிப் பூ மிதக்க விடுவதும் இப்போது பல வீடுகளில் வழக்கம். பார்க்க அழகுதான். ஆனால் டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு சாக்கடையைத் தேடிப் போவதில்லை. அதற்குப் பிடித்தது வீட்டுக்குள் இருக்கும் இந்த மாதிரிச் சுத்தமான நீர்தான். முட்டை கொசுவாக ஏழு முதல் பத்து நாள் போதும். கொலுவோ ஒன்பது நாள்! கணக்கை நீங்களே போட்டுக் கொள்ளுங்கள்.

குளம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கண்ணாடித் துண்டை வைத்து மணலால் கரை கட்டுங்கள், குளம் போலவே இருக்கும். நீர்தான் வேண்டுமென்றால் தினமும் காலையில் கொட்டிவிடுங்கள். கொட்டினால் மட்டும் போதாது. முட்டைகள் பாத்திரத்தின் விளிம்பில் ஒட்டியிருக்கும். காய்ந்தாலும் மாதக்கணக்கில் சாகாது. தேங்காய் நார் போட்டுத் தேய்த்துக் கழுவுங்கள். மணி பிளாண்ட் பாட்டில், ஃபிரிட்ஜின் பின்தட்டு, பூந்தொட்டிக்கு அடியில் உள்ள தட்டு இவற்றுக்கும் இதே சட்டம்தான். கொசு வராது என்று நொச்சிச் செடி வாங்கி வைத்துவிட்டு, அதன் அடித்தட்டிலேயே கொசு வளர்க்கும் வீடுகளும் உண்டு.

சாம்பிராணிப் புகை மணக்கும், மனசுக்கும் இதம். ஆனால் ஜன்னலைச் சாத்திக் கொண்டு போடாதீர்கள். வீட்டில் ஆஸ்துமாக்காரர் இருந்தால் அவரை வேறு அறைக்கு அனுப்பிவிட்டுப் போட்டு, புகை கலைந்த பிறகு கூப்பிடுங்கள். புகை என்று வந்துவிட்டால் மூலிகைப் புகையும் சுருக்கத்துக்குள் புகைதான்.

கொலுவுக்குச் சீரியல் விளக்குப் போடுகிறவர்கள் வயரில் வெடிப்பு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஓதம் ஏறிய சுவரில் ஆணி அடித்து வயரைத் தொங்க விடாதீர்கள்.

வெள்ளை அடிப்பதற்கு முன்...

தீபாவளி வருகிறதே என்று ஓதம் பூத்த சுவர் மேல் அப்படியே பெயின்ட் பூசுவது, புண்ணைக் கழுவாமல் கட்டுப் போடுவது மாதிரி. இரண்டு மழையில் அது கொப்பளித்து உரிந்துவிடும். உள்ளே பூசணம் செழித்திருக்கும். அந்தச் சுவரோரம் கட்டில் போட்டுப் படுக்கும் தாத்தாவுக்கு ஏன் விடியற்காலையில் இருமல் ஓயவில்லை என்று அப்புறம் கேட்டுப் பயனில்லை. ஓதம் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடியுங்கள். குழாய்க் கசிவா, மாடி வெடிப்பா? அதை அடைத்து, சுவரைக் காயவிட்டு, உப்பைச் சுரண்டியெடுத்த பிறகு பூசுங்கள். சுண்ணாம்பு வெள்ளையில் காரம் இருப்பதால் பூசணம் எளிதில் பிடிக்காது. சுவரின் ஈரமும் வெளியேற வழி இருக்கும். எண்ணெய்ப் பெயின்ட் என்றால் பண்டிகைக்கு இரண்டு வாரம் முன்பே முடித்து, வாடை போகும் வரை ஜன்னலைத் திறந்து வையுங்கள்.

பீரோ, கட்டில், புத்தக அலமாரியைச் சுவரிலிருந்து நாலு விரற்கடையாவது தள்ளிப் போடுங்கள். கோடையில் கட்டிய வெட்டிவேர்த் தட்டியையும் கனத்த திரைகளையும் கழற்றிவிட்டு மெல்லிய பருத்தித் திரை போடுங்கள்.

கொடியில் காயாத துணி

அடைமழையில் துணி காய்வதில்லை. அரை ஈரத்தோடு உடுத்திக் கொள்கிறோம். தொடை இடுக்கிலும் இடுப்பிலும் படர்தாமரை வர இதைவிட நல்ல வழி கிடையாது. படுக்கையறையில் கொடி கட்டாதீர்கள். காற்று வரும் வராந்தாவில் கட்டி, உள்ளாடையை இஸ்திரி போட்டு உடுத்துங்கள். படர்தாமரை வந்துவிட்டால் கடையில் கேட்டு வாங்கும் கலப்புக் களிம்பைப் பூசாதீர்கள். பலவற்றில் ஸ்டீராய்டு இருக்கும். அரிப்பு அடங்கும், நோய் பரவும்.

கார்த்திகைக்கு மறுநாள்

ஆயுத பூஜைக்குக் கட்டிய வாழைக்கன்று, உடைத்த பூசணி, தீபாவளிக் குப்பை எல்லாவற்றையும் மறுநாளே அப்புறப்படுத்துங்கள். கார்த்திகையன்று கைப்பிடிச் சுவரில் வரிசையாக ஏற்றிய அகல்களை விடிந்ததும் எடுத்துத் துடைத்துக் கவிழ்த்து வையுங்கள். மழையில் விட்டால் ஒவ்வோர் அகலும் ஒரு கொசுத் தொட்டி. மாக்கோலம் ஈரத்தில் வழுக்கும். பாட்டி நடக்கும் வழியில் போடாதீர்கள். விளக்கருகே தாவணியும் பாவாடையும் பறக்காமல் பார்த்துக் கொள்ளுங்கள்.

காய்ச்சல் வந்தால்...

அடுப்படியில் சுக்கு, மிளகு, திப்பிலி, ஓமம், மல்லி இருக்கட்டும். நீரைத் தளதளவென்று கொதிக்க வைத்து ஆற்றிக் குடியுங்கள். வெள்ளம் சூழ்ந்தால் தொட்டி நீருக்கு 1000 லிட்டருக்கு 4 கிராம் பிளீச்சிங் பவுடரைக் கரைத்துத் தெளியவிட்டு, தெளிந்த நீரை மட்டும் ஊற்றி ஒரு மணி நேரம் விடுங்கள். குடிக்க அதையும் காய்ச்சுங்கள். 2015 டிசம்பரில் சென்னையும், 2023 டிசம்பரில் ஒரே நாளில் சுமார் 95 செ.மீ. மழை கண்ட காயல்பட்டினமும் நமக்குப் பாடம்.

நிலவேம்புக் குடிநீர் நல்ல மருந்து. சித்த மருத்துவனான நானே சொல்கிறேன்: அதைக் குடித்துவிட்டுப் பரிசோதனையைத் தள்ளிப் போடாதீர்கள். காய்ச்சல் இரண்டு நாளில் விடவில்லை என்றால் இரத்தம் பார்த்துவிடுங்கள். ஆஸ்பிரின், புரூஃபன் போன்ற வலி மாத்திரைகளை நீங்களாக விழுங்காதீர்கள். டெங்குவில் ஆபத்து பெரும்பாலும் காய்ச்சல் இறங்கும் நாளில்தான் தொடங்கும். கடும் வயிற்றுவலி, ஓயாத வாந்தி, ஈறிலோ மூக்கிலோ இரத்தம், மயக்கம், சிறுநீர் குறைதல், இவற்றில் ஒன்று தெரிந்தாலும் இரவு பகல் பார்க்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

இந்த ஞாயிற்றுக்கிழமையே ஒரு வாளித் தண்ணீரோடு மொட்டை மாடிக்கு ஏறிவிடுங்கள். தோரணம் கட்டுவதை அதற்கப்புறம் பார்த்துக் கொள்ளலாம்!