மலர் வரைந்த ஓவியர் இருவர்

நாஞ்சில் நாட்டிலே மயிலாடி என்பது புகழ் வாய்ந்த ஓர் ஊர். கருங்கல்லில் உருவம் செதுக்கும் தொழில் அங்கே தலைமுறை தலைமுறையாக நடைபெற்று வருகின்றது. அவ்வூரில் உருவான தெய்வத் திருமேனிகள் பல ஊர்க் கோயில்களில் நின்று வழிபாடு பெறுகின்றன. வணங்குவோர் தெய்வத்தின் பெயரை அறிவர். திருப்பணி செய்த வள்ளலின் பெயரையும் கல்வெட்டிலே காண்பர். ஆனால், அத்திருமேனியைச் செதுக்கிய சிற்பியின் பெயரை அறிபவர் மிகச் சிலரே. படைப்பு நிலைத்து நிற்பதும், படைத்தவர் பெயர் மறைந்து போவதும் நம் நாட்டுக் கலையுலகில் நெடுங்காலமாக நிகழ்ந்து வந்துள்ளன. கோயிற் சுவர்களில் வண்ணம் தீட்டிய ஓவியர் பலர்க்கும் இதுவே நேர்ந்தது.

இவ்வாறு மறைந்து போகாமல் பெயர் பிழைத்த ஓவியர் இருவர் பத்தொன்பதாம் நூற்றாண்டிலே தென்னாட்டில் வாழ்ந்தனர். அவர்களுக்குப் புகழ் தேடித் தந்தவை தெய்வ உருவங்களும் அல்ல. மன்னர் உருவங்களும் அல்ல. மலையிலும் காட்டிலும் வயல் வரப்பிலும் பருவந்தோறும் பூத்து உதிரும் செடிகொடிகளையே அவர்கள் ஆண்டுக்கணக்கில் வரைந்தனர். ஒருவர் பெயர் இரங்கையா. மற்றவர் பெயர் கோவிந்து.

பருவமும் பூவும்

மயிலாடிக்கு அண்மையிலே மருந்துவாழ்மலை எழுந்து நிற்கின்றது. மேற்குத் தொடர்ச்சி மலை தென்கோடியில் முடிவுறும் பகுதியில் அமைந்தது அம்மலை. மருந்துக்குப் பயன்படும் மூலிகைகளால் பெயர் பெற்றது. இந்நிலப்பகுதி தென்மேற்குப் பருவக்காற்றாலும் வடகிழக்குப் பருவக்காற்றாலும் ஆண்டில் இருமுறை மழை பெறுகின்றது. வேனிலிலே சருகன்றி வேறொன்றும் காணப்படாத இடத்தில், மழை பெய்த பின்னர் மண்ணுள் உறங்கிய கிழங்கிலிருந்து காந்தட்கொடி தழைத்தெழும். அதன் இதழ் விரியும்போது பெரிதும் மஞ்சளாக இருக்கும். நாளாக நாளாகச் செந்நிறம் பரவி, முடிவில் முழுதும் தீயெனச் சிவக்கும். நீலகிரி போன்ற உயர்ந்த மலைகளிலோ, நீலக் குறிஞ்சி பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை சரிவெல்லாம் நிறைந்து பூக்கும். ஆகவே, ஒரு செடியை முழுமையாக அறிய விரும்புவோர் அதன் பருவம் வரும்வரை காத்திருத்தல் வேண்டும்.

பண்டைத் தமிழர் இவ்வுண்மையை நன்கு உணர்ந்திருந்தனர். ஆண்டினைக் கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில் என ஆறு பெரும்பொழுதுகளாகப் பகுத்தனர். நிலத்துக்கும் ஒழுக்கத்துக்கும் குறிஞ்சி, முல்லை, மருதம் முதலிய பெயர்களைச் சூட்டினர். கபிலர் தம் குறிஞ்சிப்பாட்டிலே தொண்ணூற்றொன்பது பூக்களை நிரல்படக் கூறினார். பெயர்கள் நிலைத்தன. ஆயினும், அப்பூக்களுள் சிலவற்றை இன்ன செடியின் பூ என்று துணிய இயலாமல் அறிஞர்கள் இன்றும் கருத்து வேறுபடுகின்றனர். பெயரோடு உருவமும் எழுதி வைக்கப்பட்டிருந்தால் இந்த ஐயத்துக்கு இடமிராதன்றோ? சொல்லால் ஆகாத இப்பணியைத் தூரிகையால் செய்து முடித்தவர்களே இரங்கையாவும் கோவிந்துவும்.

மருத்துவரும் ஓவியரும்

இவ்விருவரின் தொண்டு இராபர்ட் வைட்டு என்னும் அறிஞரோடு பிணைந்தது. வைட்டு 1796-ஆம் ஆண்டில் ஸ்காட்லாந்திலே பிறந்தவர். 1819-இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் மருத்துவராகச் சென்னை மாகாணத்துக்கு வந்தவர். மருந்துகளுட் பெரும்பாலானவை செடிகளிலிருந்தே கிடைத்த காலம் அது. ஆதலால், மருத்துவர் பலர் தாவர நூலையும் பயின்றனர். வைட்டுக்கு அக்கல்வியே உயிரினும் இனிதாயிற்று. 1826-இல் அவர் சென்னையில் இயற்கைப் பொருள்களை ஆராயும் அலுவலராக அமர்த்தப்பட்டார். இரண்டே ஆண்டுகளில் அரசு அப்பதவியை நீக்கிவிட்டது. நாகப்பட்டினத்துப் படை மருத்துவராக அவர் அனுப்பப்பட்டார். பதவி போயினும் பணி நிற்கவில்லை. ஓய்வு கிடைத்த போதெல்லாம் செடிகளைத் திரட்டினார். தம்மிடம் அமர்ந்திருந்த ஓவியர் இரங்கையாவைக் கொண்டு அவற்றை வரையச் செய்தார்.

செடிகளைத் திரட்டுவோர் அவற்றைத் தாள்களுக்கிடையே வைத்து அழுத்தி உலர்த்துவது வழக்கம். 1831-இல் வைட்டு விடுமுறையில் தம் நாடு சென்றபோது, இவ்வாறு உலர்த்தியவற்றுள் ஏறத்தாழ ஓர் இலட்சம் மாதிரிகளைத் தம்முடன் கொண்டு சென்றார். உலர்ந்த செடி பல்லாண்டு கெடாமல் இருக்கும். எனினும் அதில் மலரின் நிறம் மங்கிவிடும். குழிந்த இதழ் தட்டையாகிவிடும். சாறு நிறைந்த தண்டு சுருங்கிவிடும். உயிரோடு நின்றபோது அச்செடி எவ்வாறு விளங்கிற்று என்பதைக் காட்ட வல்லது ஓவியம் ஒன்றே.

ஓவியம் உருவான முறை

செடி ஓவியருக்காகக் காத்திராது. பறித்த சிறிது நேரத்திலே இலை தளரும், மலர் வாடும். ஆகையால், செடி வந்து சேர்ந்தவுடன் அதன் உருவை இயன்றவரை இயற்கை அளவிலேயே கோடுகளாக வரைதல் வேண்டும். இலைகள் எதிரெதிராக அமைந்துள்ளனவா, மாறி மாறி அமைந்துள்ளனவா என்று காண வேண்டும். இலை நரம்பு ஓடும் வகை, இலைவிளிம்பின் பற்கள், தண்டின்மேல் உள்ள மயிர் ஆகியவற்றுள் ஒன்றும் தவறலாகாது. அதன் பின்னரே வண்ணம் தீட்டுதல் வேண்டும். பிறகு பூவைப் பிளந்து, இதழையும் மகரந்தத் தாளையும் சூலகத்தையும் தனித்தனியே பிரித்து, உருப்பெருக்கியின் உதவியால் கண்டு, அவற்றைப் படத்தின் அடியிலே பெரிதாக்கி எழுதுதல் வேண்டும். பூ முடிந்து காய் தோன்றுவது வேறொரு பருவத்தில் எனின், அதற்காகக் காத்திருந்து அதனையும் சேர்த்தல் வேண்டும். இவ்வாறு முற்றுப்பெற்ற ஒரு தாளிலே, வெவ்வேறு பருவங்களில் காணத்தக்க ஒரு செடியின் வாழ்வு முழுவதும் ஒருங்கே காட்சி தரும்.

கோயில் ஓவியன் தன் கற்பனைக்கேற்ப மலரை அழகு செய்யலாம், இல்லாத இதழைக் கூட்டலாம், பொன்னிறம் பூசலாம். செடியை ஆராய்ச்சிக்கென வரைபவனுக்கு அவ்வுரிமை இல்லை. உள்ளதைக் குறைத்தலும் குற்றம். இல்லாததைக் கூட்டுதலும் குற்றம். ஓர் இதழ் மிகுந்தாலும் அச்செடி வேறோர் இனமாகக் கருதப்படும். ஆயினும், இரங்கையாவின் படங்களைக் காண்போர் அவற்றை வறண்ட கணக்கு என்று கருதார். கொடி வளையும் ஒயிலும், இலை திரும்பும் பாங்கும், தாளிலே செடியை நிறுத்திய அமைதியும் தேர்ந்த கலைஞனின் கையைக் காட்டுகின்றன. உண்மையை உள்ளவாறு உரைப்பதிலும் அழகு உண்டு என்பதற்கு அப்படங்களே சான்று.

கடல் கடந்த படங்கள்

நாகப்பட்டினத்தில் இருந்த காலத்தில், வைட்டு இரங்கையாவின் படங்களைக் கிளாஸ்கோ நகரத்துப் பேராசிரியர் வில்லியம் ஜாக்சன் ஹூக்கருக்கு அனுப்பினார். படங்களின் திறத்தைக் கண்ட ஹூக்கர், தாம் நடத்திய தாவர நூல் இதழிலே 1830-ஆம் ஆண்டு முதலாக அவற்றுட் சிலவற்றை வெளியிட்டார். தமிழ்நாட்டுக் கடற்கரையிலே வரைந்த செடிகளை, அவற்றின் மண்ணை ஒருநாளும் மிதித்திராத அறிஞர்கள் கண்டு ஆராய்ந்தனர்.

1834-இல் வைட்டு மீண்டும் இந்தியாவுக்கு வந்தார். பாளையங்கோட்டை, குற்றாலம், கோயம்புத்தூர், நீலகிரி முதலிய இடங்களின் செடிகள் ஓவியரின் முன் வந்து குவிந்தன. 1838-ஆம் ஆண்டு முதல் வைட்டு தம் பெருநூல்களைச் சென்னையிலேயே பகுதி பகுதியாக அச்சிட்டு வெளியிடலானார். அப்படங்கள் கல்லச்சு முறையில் பதிக்கப்பட்டன. வழவழப்பான ஒருவகைக் கல்லின்மேல் கொழுப்புக் கலந்த மையால் படத்தை எழுதி, கல்லை நீரால் நனைத்து, அச்சு மையைத் தடவுவர். ஈரம் உள்ள இடத்தில் மை ஒட்டாது. எழுதிய கோட்டில் மட்டுமே ஒட்டும். அதன்மேல் தாளை வைத்து அழுத்தினால் படம் பதியும். சிற்பியின் கல் உளிக்கு இடம் தந்தது போல, இந்தக் கல் ஓவியனின் கோட்டுக்கு இடம் தந்தது. நீலகிரிச் செடிகளைப் பற்றிய நூல் முதலான சிலவற்றில், அச்சிட்ட பின்னர் ஒவ்வொரு படத்துக்கும் கையாலேயே வண்ணம் தீட்டினர்.

வைட்டின் நூல்களுள் மிகப் பெரியது, இந்தியத் தாவரங்களின் உருவங்களைத் தொகுத்துக் கூறும் ஆறு தொகுதிகள் கொண்ட நூல். அது 1853-இல் நிறைவுற்றது. அதில் அடங்கிய படங்கள் 2101. முன்னைய ஓவியங்களைப் பார்த்து எழுதியவை சில உளவாயினும், மிகப் பல இரங்கையா, கோவிந்து ஆகியோரின் கைவண்ணமே. குறிஞ்சி இனத்துச் செடிகள் பல அங்கே இடம் பெற்றுள்ளன. 1845-ஆம் ஆண்டளவில் இரங்கையாவின் பணி முடிவுற, கோவிந்து அவ்விடத்தை ஏற்றார். முன்னவர் வகுத்த நெறியில் நின்று, பின்னவர் தம் திறத்தால் மேலும் சிறந்தார். வைட்டு 1853-இல் தம் நாடு திரும்பிய பின்னரும் கோவிந்துவின் தூரிகை ஓயவில்லை. வனத்துறை அலுவலரான பெட்டோம் என்பார் வெளியிட்ட நூல்களிலும் அவர் வரைந்த படங்கள் உள்ளன.

பெயர் பெற்ற கைகள்

இவர்களுக்கு முன்னும் செடி வரைந்த ஓவியர் நம் நாட்டில் இருந்தனர். இராக்ஸ்பரோ என்னும் அறிஞர் சோழமண்டலக் கடற்கரைச் செடிகளைப் பற்றி எழுதிய நூல் 1795-ஆம் ஆண்டு முதல் 1820-ஆம் ஆண்டு வரை இலண்டனில் வெளிவந்தது. அதில் 300 வண்ணப் படங்கள் உள்ளன. அவற்றுக்கு மூலமான ஓவியங்களை எழுதியவர் இந்திய ஓவியரே. ஆயினும், அவர்கள் பெயர் அந்நூலில் இல்லை. வைட்டு அவ்வாறு செய்யவில்லை. படங்களின் அடியிலே வரைந்தவர் பெயரைப் பொறித்தார். அதனாலேயே இரங்கையா என்றும் கோவிந்து என்றும் இரு பெயர்கள் இன்று வழங்குகின்றன.

அதனினும் உயர்ந்த சிறப்பொன்றை வைட்டு கோவிந்துவுக்குச் செய்தார். புதிதாகக் கண்ட செடிக்கு அறிஞர், ஆதரித்த பிரபு ஆகியோரின் பெயரைச் சூட்டுதல் தாவர நூலார் வழக்கம். வைட்டோ, காட்டு நிழலில் வளரும் ஆர்க்கிடு வகைச் செடி ஒன்றுக்குத் தம் ஓவியரின் பெயரால் ‘கோவிந்தூயியா’ என்று பெயரிட்டார். சம்பளம் பெற்றுப் பணி செய்த கலைஞர் ஒருவரை அறிஞரோடு ஒப்ப மதித்த செயல் அது. பின்வந்த அறிஞர்கள் அச்செடியை முன்பே பெயர் பெற்றிருந்த வேறோர் இனத்தில் அடக்கிவிட்டனர். ஆதலின் கோவிந்துவின் பெயர் அச்செடிக்கு இன்று வழங்கவில்லை. ஆயின், அவர் வரைந்த படங்கள் வழக்கொழியவில்லை. ஒரு செடியை இன்னதென்று உறுதி செய்ய வேண்டிய போது, தாவர நூலார் இன்றும் வைட்டின் நூலிலுள்ள படத்தின் எண்ணைச் சுட்டுகின்றனர்.

இவ்வோவியர்களின் பிறப்பு வளர்ப்பைக் கூறும் வரலாறு எழுதப்படவில்லை. அவர்கள் எழுதிய ஓவியங்களே அவர்கள் வரலாறு. மூல ஓவியங்கள் பல எடின்பரோ அரச தாவரத் தோட்டத்திலே பாதுகாக்கப்படுகின்றன. அவற்றை ஆராய்ந்த ஹென்றி நோல்டி என்னும் அறிஞர், 2007-ஆம் ஆண்டில் மூன்று தொகுதிகளாக ஒரு நூல் வெளியிட்டார். அந்நூலின் தலைப்பிலே வைட்டின் பெயரோடு இரங்கையாவின் பெயரும் கோவிந்துவின் பெயரும் ஒன்றாக நிற்கின்றன. ஒன்றரை நூற்றாண்டு கழிந்து கிடைத்த மதிப்பு அது.

அவ்விருவர் வரைந்த செடிகளுட் பல இன்றும் நம் மலைகளில் பருவம் தவறாது பூக்கின்றன. சில, காடு அழிந்தமையால் அரியவாயின. ஊரருகே நிற்கும் ஒரு செடி எந்தத் திங்களில் தளிர்க்கின்றது, எப்போது அரும்புகின்றது, எத்தனை இதழ் விரிக்கின்றது என்று ஓர் ஆண்டு முழுதும் கண்டு எழுதி வருதல் எவர்க்கும் இயல்வதே. அதற்குப் பெருஞ்செல்வம் வேண்டா. ஒரு தாளும் எழுதுகோலும் பொறுமையும் போதும். கண்டதைக் கண்டவாறே எழுதும் நேர்மை உடனிருப்பின், அச்சிறு பணியும் ஒரு நாள் அறிஞர்க்குத் துணையாகும். இரங்கையாவும் கோவிந்துவும் செய்தது அதுவே.