கயிற்றை இழுத்தால் உயரும் பாவாடை: 1895-ஆம் ஆண்டின் சைக்கிள் உடையை மீண்டும் தைத்துச் சோதிக்கும் முறை

லண்டனின் பிரிக்ஸ்டன் பகுதியைச் சேர்ந்த தையல் கலைஞர் ஆலிஸ் பைகிரேவ் 1895-இல் காப்புரிமைக்குப் பதிவு செய்த சைக்கிள் பாவாடை, பார்வைக்குக் கணுக்கால் வரை தொங்கும் சாதாரண உடையாகவே இருந்தது. ஆனால் அதன் முன், பின் இணைப்புத் தையல்களுக்கு உட்புறமாகக் கயிறுகள் மறைத்துக் கோர்க்கப்பட்டிருந்தன. இடுப்பருகே அவற்றை இழுத்தால் துணி சுருங்கி மேலேறும், தளர்த்தினால் கீழ்விளிம்பில் தைத்த எடையின் உதவியால் மீண்டும் இறங்கும்.

இப்படியொரு பொறியமைப்பு ஏன் தேவைப்பட்டது என்பதை அறிந்துகொண்டு தைக்கத் தொடங்குவதே முறை. ஜான் கெம்ப் ஸ்டார்லியின் ரோவர் சைக்கிள் 1885-இலும், டன்லப்பின் காற்றடைத்த டயர் 1888-இலும் வந்த பிறகு பெண்கள் பெருமளவில் சைக்கிள் ஓட்டத் தொடங்கினர். நீண்ட பாவாடையோ சக்கரத்திலும் பெடலிலும் சிக்கி அவர்களை வீழ்த்தியது. அதற்கு மாற்றாக, முழங்காலருகே சுருக்கிக் கட்டும் தொளதொளப்பான கால்சட்டையாகிய புளூமர்ஸை அணிந்தவர்கள் தெருவில் ஏளனத்துக்கு ஆளாயினர். 1898-இல் அத்தகைய உடையில் வந்த லேடி ஹார்பர்டனுக்குச் சர்ரே மாவட்டத்தின் ஹாட்பாய் விடுதி தன் காபி அறையில் இடம் தர மறுத்தது. அது குறித்து மறு ஆண்டு நடந்த வழக்கிலும் விடுதிக்காரரே வென்றார். சைக்கிளில் ஏறும்போது பாதுகாப்பும் இறங்கியதும் ஊர் ஏற்கும் தோற்றமும் ஒரே உடையில் கிடைக்க வேண்டும் என்ற நெருக்கடிக்குப் பைகிரேவ் கண்ட விடை மிகக் கூர்மையானது. ஜேகர் நிறுவனம் அதைத் தயாரித்து விற்றது. அண்மைக் காலத்தில் லண்டன் கோல்ட்ஸ்மித்ஸ் கல்லூரியின் ஆய்வாளர் கேட் ஜங்நிக்கல் இதையும் இதைப் போன்ற பிற காப்புரிமை உடைகளையும் தைத்து, அணிந்து, ஓட்டிப் பார்த்து 2018-இல் நூலாக வெளியிட்டார்.

இங்கே விளக்கப்படும் அமைப்பு காப்புரிமை வரைபடத்தின் நேர்நகல் அன்று. அதன் அடிப்படைத் தத்துவத்தை வீட்டுத் தையல் எந்திரத்துக்கு ஏற்பப் பொருத்திய வடிவம். முதலில் விலை குறைந்த காடாத் துணியில் ஒரு மாதிரியைத் தைத்து, அதில் குறைகளைத் திருத்திய பின்னரே நடுத்தரக் கனமுள்ள கம்பளித் துணியை வெட்ட வேண்டும். இடுப்பில் ஒட்டி, கீழே சுமார் 3 மீட்டர் சுற்றளவுக்கு விரியும்படி துண்டுகளை வெட்டி, முன் நடுவிலும் பின் நடுவிலும் இணைப்புத் தையல் அமையுமாறு சேர்த்துக்கொள்ளலாம்.

அடுத்து வருவது நாடாப்பட்டி, அதாவது உள்பாவாடையின் இடுப்பில் நாடா கோர்ப்பதற்கு விடும் குழல் போன்ற பட்டி. இங்கே அது இடுப்பைச் சுற்றிப் படுக்கையாக ஓடாமல் மேலிருந்து கீழாக நிற்கிறது. 2.5 செ.மீ. அகலமுள்ள பருத்திப் பட்டைகளை முன் தையலின் இருபுறமும் ஒவ்வொன்றாக, இடுப்புக்குச் சற்றுக் கீழே தொடங்கிக் கீழ்விளிம்புக்கு 3 செ.மீ. மேலே முடியுமாறு உட்புறத்தில் வைத்து, இரு ஓரங்களிலும் நெருக்கமாகத் தைக்க வேண்டும். இரண்டு பட்டிகளும் முடியும் இடத்துக்கு நடுவே ஒரு சிறு உலோக வளையத்தை உறுதியாகத் தைப்பது அவசியம், ஏனெனில் தூக்கும் விசை முழுவதையும் தாங்குவது அந்த வளையம்தான். பின் தையலிலும் இதே வேலையைச் செய்ய வேண்டும்.

கயிற்றைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனெனில் இந்த உடை இயங்குவதும் இயங்காமல் போவதும் அதைப் பொறுத்தே அமைகிறது. முறுக்கேறிய மெல்லிய பருத்திக் கயிற்றைத் தேன்மெழுகுக் கட்டியின் மீது பலமுறை அழுத்தி இழுத்து, விரல்களால் வழித்துச் சூடேற்றினால், மெழுகு இழைகளுக்குள் இறங்கி உராய்வைக் குறைக்கும். மெழுகிடாத கயிறு சுருங்கிய துணியைப் பற்றிக்கொள்வதால், எடை இருந்தும் பாவாடை பாதியிலேயே நின்றுவிடக்கூடும். கயிற்றை ஒரு பட்டியின் வழியே கீழே இறக்கி, வளையத்துக்குள் நுழைத்து, மறு பட்டியின் வழியே மேலேற்றி, இரு முனைகளையும் ஐலெட் எனப்படும் உலோகத் துளைவளையங்களின் வழியே வெளியே எடுக்க வேண்டும். பின்புறக் கயிற்றின் முனைகளை இடுப்புப் பட்டைக்குள்ளேயே ஓடவிட்டுப் பக்கவாட்டில் கொண்டுவந்தால் கை முதுகுக்குப் போக வேண்டியதில்லை. முனைகளில் முடிச்சிட்ட கண்ணிகளை, உயர்த்திய நிலையில் இடுப்புப் பட்டையின் பொத்தான்களில் மாட்டிவிடலாம். மேலே அணியும் ஜாக்கெட் அவற்றை மறைத்துவிடும்.

எடைக்கு அக்காலத்தில் ஈயத்தைக் கீழ்விளிம்பில் தைப்பது வழக்கம். ஈயம் நச்சுத்தன்மை உடையது என்பதால், இரும்பு வாஷர்களைத் துணிப்பையில் தட்டையாக அடுக்கி வளையத்தின் இருபுறமும் தைப்பது நல்லது. முன்னும் பின்னும் 50 கிராமில் தொடங்கி, பாவாடை தடையின்றி இறங்கும் வரை சிறிது சிறிதாகக் கூட்டலாம். அளவு மீறினால் நடக்கும்போது கணுக்காலில் மோதும்.

சோதனையைத் தையல் பொம்மையின் மீது தொடங்கி, அணிந்து படியேறி இறங்கிப் பார்த்து, பிறகு ஸ்டாண்டு போட்டு நிறுத்திய, குறுக்குக் கம்பியில்லாத லேடீஸ் சைக்கிளில் அமர்ந்து பெடலை மிதித்துப் பார்க்க வேண்டும். உயர்த்துவதற்கும் இறக்குவதற்கும் ஆகும் நேரம், தரையிலிருந்து முன், பின், பக்க விளிம்புகளின் உயரம் ஆகியவற்றை உலர்ந்த துணியிலும் நீர் தெளித்து நனைத்த துணியிலும் தனித்தனியே குறித்துக்கொள்வது பயன்தரும், ஏனெனில் இங்கிலாந்தின் மழையில் நனைந்து கனத்த கம்பளியைக் கணக்கில் கொள்ளாத சோதனை பைகிரேவுக்கு நியாயம் செய்யாது. கயிற்றை இழுக்கும்போது நடுப்பகுதி கொசுவம் கொசுவமாக மடிந்து மேலேற, இரு பக்கங்களும் தொடைகளின் மீது வளைந்து சரிவதைக் காணலாம். முழங்கால் விடுபடுகிறது, பின்துணி சக்கரத்தை விட்டு எழுகிறது, ஆனால் கால்கள் முற்றிலும் வெளித்தெரிவதில்லை. அக்காலத்துப் பெண்ணுக்குத் தேவைப்பட்டதும் இதுவே.

இந்த அமைப்பின் பலவீனமும் அந்தப் பக்கச் சரிவில்தான் இருக்கிறது. வலப்புறத் துணி செயினுக்கு அருகே தொங்கக்கூடும் என்பதால், முழுச் செயின் கவரும், கடைகளில் சாரி கார்டு என்று கேட்டால் கிடைக்கும் சக்கரத் தடுப்பும் இல்லாத சைக்கிளில் இதை ஓட்டிப் பார்க்கக் கூடாது. முதல் ஓட்டத்தை, வண்டிகள் வராத சமதள மைதானத்தில், அருகே ஒருவர் துணையிருக்க, உள்ளே முழங்கால் வரையிலான கால்சட்டை அணிந்து வைத்துக்கொள்ள வேண்டும். தொங்கும் கயிற்று முனை எதுவும் இல்லை என்பதை ஏறுவதற்கு முன் ஒவ்வொரு முறையும் கையால் தடவிப் பார்த்து உறுதிசெய்துகொள்ளுங்கள்.