பானையில் பிறக்கும் தாளம்

நுழையும்முன்

நாள்தோறும் கையாளும் பொருள்களிலும் இசையைக் கண்டவர்கள் நம் முன்னோர். உலக்கையின் ஓசை வள்ளைப்பாட்டுக்குத் தாளமாயிற்று. குடம் வில்லுப்பாட்டில் இடம்பெற்றது. நீர் நிறைத்த கிண்ணங்கள் ஜலதரங்கம் ஆயின. அவ்வகையில் மட்பானை இசையரங்கில் இடம்பெற்ற வரலாற்றை இப்பாடம் எடுத்துரைக்கிறது.

ஆடித் திங்களில் பெரியபாளையம் பவானியம்மன் கோவிலுக்குச் செல்வோரைப் பம்பையும் உடுக்கையும் முழங்கி வரவேற்கும். கோவிலைச் சுற்றி மூட்டிய அடுப்புகளில் பொங்கற்பானைகள் பொங்கிக்கொண்டிருக்கும். பம்பையை இசைக்கருவி என்றும் பானையைச் சமையற்கலம் என்றும் நாம் எளிதாகப் பிரித்துவிடுகிறோம். ஆனால், பானை வாங்கும் தாய்மார்கள் அதனை விரலால் சுண்டி, ஓசை கேட்டபின்னரே விலை பேசுவர். விரிசல் விட்ட பானையின் ஓசை மங்கியிருக்கும். நன்கு வெந்த பானை கணீரென ஒலிக்கும். பானைக்கும் குரல் உண்டு என்பதை அவர்கள் அறிவார்கள்.

கலம் கருவியாதல்

இசைக்கருவிகளைத் தோற்கருவி, நரம்புக்கருவி, காற்றுக்கருவி, கஞ்சக்கருவி என நான்காகப் பகுப்பர். மத்தளத்தில் இழுத்துக் கட்டிய தோல் அதிர்கிறது. கடத்திலோ தோல் இல்லை. அதன் உடலே அதிர்கிறது. உள்ளிருக்கும் காற்றும் சேர்ந்து அதிர்வதால் ஆழ்ந்த ஒலி பிறக்கிறது. ஆகவே, கடம் கஞ்சக்கருவி வகையைச் சார்ந்தது. கழுத்து, வயிறு, அடி என ஒவ்வோர் இடமும் வெவ்வேறு ஒலி தரும். விரல், நகம், உள்ளங்கை, மணிக்கட்டு ஆகியவற்றால் கலைஞர் அவ்வொலிகளை எழுப்புவார். கடத்தின் வாயை வயிற்றோடு அணைத்தும் விலக்கியும் ஒலியை மாற்றுவார்.

மானாமதுரையின் மண்

சிவகங்கை மாவட்டத்து மானாமதுரை கடத்திற்குப் பெயர்பெற்ற ஊராகும். சமையற்பானையைவிடக் கடம் கனமானது. அதன் சுவர் எங்கும் ஒரே சீராக அமையும்வரை பலமுறை தட்டித் தட்டி உருவாக்குவர். மிருதங்கத்தைப் போல் வாரை இறுக்கிச் சுருதி சேர்க்கக் கடத்தில் வழியில்லை. வேண்டிய சுருதியை உருவாக்கும்போதே மண்ணில் அமைத்துவிட வேண்டும். எனவே, கடம் செய்பவருக்குக் கைத்திறனோடு செவித்திறனும் இன்றியமையாதது. இவ்வூரைச் சேர்ந்த மீனாட்சி கேசவன், கடம் செய்யும் கலைக்காகச் சங்கீத நாடக அகாதெமி விருது பெற்றார்.

பின்வரிசையிலிருந்து

கச்சேரிகளில் கடம் நெடுங்காலம் மிருதங்கத்திற்கு அடுத்த நிலையில், உபபக்கவாத்தியமாகவே அமர்ந்திருந்தது. அதனை உலக அரங்கிற்கு எடுத்துச் சென்றவர் விக்கு விநாயக்ராம். 1991இல் வெளிவந்து கிராமி விருது பெற்ற ‘பிளானட் டிரம்’ இசைத்தொகுப்பில் அவருடைய கடமும் ஒலித்தது.

அவருடைய தந்தையார் ஹரிஹர சர்மாவிடமும் அவரிடமும் பயின்றவர் சுகன்யா ராம்கோபால். கடினமான மண்ணில் வாசிக்கப் பெண்ணின் விரல்கள் தாங்குமா என்னும் ஐயம் அவர்முன் நின்றது. பெண்ணோடு சேர்ந்து வாசிக்கத் தயங்கியோரும் இருந்தனர். அவர் பயிற்சியையே விடையாக்கினார். வெவ்வேறு சுருதியுள்ள கடங்களை வரிசையாக வைத்துப் பண்ணிசைக்கும் ‘கடதரங்கம்’ என்னும் முறையையும் உருவாக்கினார்.

எண்ணெய் உருளையின் இசை

கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டைச் சாலையில் இரும்பு உருளைகள் ஏற்றிய லாரிகளை நாம் காண்கிறோம். அத்தகைய எண்ணெய் உருளையும் ஒரு நாட்டின் அடையாளமாயிற்று. கரீபியக் கடலில் உள்ள டிரினிடாட் தீவில், 1880களில் ஆங்கிலேய ஆட்சி தோல்முரசுகளை முழக்கக் கட்டுப்பாடு விதித்தது. ஆப்பிரிக்க வழிவந்த ஏழை மக்கள் மூங்கிலைத் தரையில் இடித்துத் தாளமிட்டனர். பின்னர்த் தகர டப்பாக்களையும், இறுதியில் எண்ணெய் உருளைகளையும் கையிலெடுத்தனர். உருளையின் முகப்பைச் சம்மட்டியால் குழித்து, இடத்திற்கொரு சுரம் அமைத்தனர். கருவியைத் தடுக்க முடிந்த ஆட்சியால் தாளத்தைத் தடுக்க முடியவில்லை.

மண்ணும் இரும்பும் தாமாக இசைப்பதில்லை. கூர்ந்து கேட்கும் செவியும் அயராது பழகும் கையும் சேரும்போதே கலம் கருவியாகிறது. எளிய பொருளையும் அதனைக் கையாளும் எளிய மனிதரையும் இகழாதிருக்க இக்கலை நமக்குக் கற்பிக்கிறது.

தெரிந்து தெளிவோம்

மானாமதுரை மட்பாண்டங்கள் 2023இல் புவிசார் குறியீடு பெற்றன. அதே ஆண்டில் ஐ.நா. பொது அவை, ஆகஸ்டு 11ஆம் நாளை உலக எஃகு முரசு நாளாக அறிவித்தது.

கற்பவை கற்றபின்

1. உங்கள் வீட்டிலுள்ள ஐந்து பொருள்களைத் தட்டி, அவற்றின் ஒலி வேறுபாடுகளைக் குறித்து வகுப்பறையில் பகிர்க.
2. ‘கடம் செய்பவரும் இசைக்கலைஞரே’ – இக்கூற்றை ஏற்கிறீர்களா? காரணம் தருக.