நாலு மணி பெல்லுக்கு அப்புறம் நாவல் வராது

ஆசிரியர் வேலை என்றாலே ஊர் சொல்லும் வசனம் ஒன்றுதான்: "உங்களுக்கென்ன சார், நாலு மணிக்கு வீடு, மே மாசம் லீவு." எழுத ஆசைப்படும் ஆசிரியரும் இதை நம்பித்தான் ஏமாறுகிறார். சாயங்காலம் நேரம் இருக்கிறது, வாஸ்தவம். ஆனால் ஆறு பீரியட் கத்தி, இரண்டு அடிதடியைத் தீர்த்து, கல்வித்துறையின் எமிஸ் இணையதளத்தில் என்ட்ரி போட்டு, ஒரு பெற்றோரைச் சமாதானம் செய்துவிட்டு வீடு வந்து சேரும் ஆளிடம் மிச்சம் இருப்பது அந்த நேரம் மட்டும்தான். தொண்டை, கண், முதுகு, பொறுமை எல்லாம் பள்ளியிலேயே தீர்ந்துவிட்டன. நாவல் கேட்பது இவற்றைத்தான்.

எனவே டைம் மேனேஜ்மென்ட் பாடம் இங்கே கிடையாது. உடம்பில் இருக்கும் தெம்பை முதலில் யாருக்குக் கொடுப்பது என்பதுதான் கேள்வி. இருபது வருஷம் சாக்பீஸ் பிடித்து, இடையில் புத்தகங்களும் போட்ட அனுபவத்தில் சொல்கிறேன். இதில் பாதி நான் தப்புச் செய்து கற்றது.

1. காலையை விற்காதீர்கள்.

சம்பளம் கொடுப்பவருக்கு உங்கள் ஒன்பது மணி சொந்தம். ஐந்து மணி சொந்தம் இல்லை. எழுத்தை அங்கே வையுங்கள். ஒரு நாளைக்கு 300 வார்த்தை போதும். வருஷத்தில் 200 நாள் எழுதினால் 60,000 வார்த்தை, ஒரு நடுத்தர நாவல். மிச்சம் 165 நாள் காய்ச்சல், கல்யாணம், காதுகுத்து, தேர்தல் டியூட்டிக்குப் போகட்டும். 300 முடிந்ததும் நிறுத்திவிடுங்கள். அடுத்த வரி தெரிந்திருக்கும்போதே நிறுத்தினால், மறுநாள் தொடங்கும்போது வெள்ளைத் தாளைப் பார்த்து முழிக்க வேண்டாம்.

"காலை ஐந்து மணி" என்று ஆண் எழுத்தாளர்கள் அட்வைஸ் செய்வது சுலபம். நம் வீடுகளில் ஐந்து மணி அடுப்புக்கு உரியது. மூன்று டிஃபன் பாக்ஸ் கட்டிவிட்டு எட்டு மணி பஸ்ஸைப் பிடிக்கும் ஆசிரியையிடம் இதைச் சொன்னால் கரண்டி பறக்கும், நியாயமும்கூட. எனக்குத் தெரிந்த ஓர் ஆசிரியை வேறு வழி கண்டார். ஒரு பஸ் முன்னதாகக் கிளம்பினார். பிரேயருக்கு முன்னால் 40 நிமிடம், காலியான வகுப்பறை, கடைசி பெஞ்ச். வீட்டில் கேட்டவர்களுக்கு "ஸ்பெஷல் கிளாஸ்" என்று சொல்லிக்கொண்டார். பொய்தான். ஆனால் அந்தப் பொய்யில் ஒரு சிறுகதைத் தொகுப்பு முடிந்தது. வீட்டோடு பேரம் பேச முடிந்தால் இன்னும் நல்லது. வாரத்தில் இரண்டு நாள் காலை டிஃபன் கணவர் பொறுப்பு, அவ்வளவுதான். "நான் எழுத வேண்டும், புரிந்துகொள்ளுங்கள்" என்று உருகினால் யாரும் புரிந்துகொள்வதில்லை. "செவ்வாய், வியாழன் தோசை நீங்கள்" என்றால் புரிகிறது.

சாயங்காலம் எழுதி ஜெயித்தவர்களும் உண்டு. அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் ஹேம்ப்டன் அகாடமி என்ற பள்ளியில் இங்கிலீஷ் வாத்தியாராக இருந்த ஸ்டீபன் கிங், குடியிருந்த டிரெய்லர் வீட்டில் துணி துவைக்கும் இடுக்கில் டைப்ரைட்டரை வைத்து எழுதினார். அங்கே உருவான 'கேரி' நாவல் 1974-ல் வெளிவந்தது. அவருக்கு அப்போது வயது இருபத்தைந்தை ஒட்டி. உங்களுக்கும் அதே வயது என்றால் முயன்று பாருங்கள். நாற்பதைத் தாண்டியவர்கள் காலைக்கு மாறுங்கள்.

2. ஸ்டாஃப் ரூமில் எழுத்தாளர் என்று பெயர் எடுக்காதீர்கள்.

இதைத்தான் எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. முதல் கதை பத்திரிகையில் வந்த சந்தோஷத்தில் நோட்டீஸ் போர்டு வரை கொண்டுபோனேன். பலன் என்ன தெரியுமா? ஆண்டு மலர் என் தலையில். கலெக்டர் வந்தால் வரவேற்புரை எனக்கு. ரிட்டையர் ஆகிறவருக்கு வாழ்த்து மடல், மாவட்டக் கட்டுரைப் போட்டிக்குப் பிள்ளைகளைத் தயார் செய்வது, ஹெச்.எம். மகள் கல்யாணப் பத்திரிகைக்குக் கவிதை, எல்லாம் எனக்கே வந்து சேர்ந்தன. "உங்களுக்குத்தான் சார் வார்த்தை வரும்." ஒரு வருஷம் முழுக்க வார்த்தை வந்தது, நாவல் வரவில்லை.

பள்ளியில் உங்களுக்கு வேறு ஒரு பெயர் வேண்டும்: "ரெக்கார்டு எல்லாம் கரெக்டா வச்சிருப்பார்." பாடக்குறிப்பு, மார்க் ரிஜிஸ்டர், வருகைப் பதிவு, மூன்றும் எப்போது கேட்டாலும் ரெடியாக இருக்கட்டும். ரெக்கார்டு சுத்தமாக இருக்கும் ஆளை இன்ஸ்பெக்‌ஷனில் யாரும் நோண்ட மாட்டார்கள். நோண்டாத நிம்மதிதான் உங்கள் ரைட்டிங் கிராண்ட். ரிசல்ட்டும் முக்கியம். உங்கள் பாடத்தில் பிள்ளைகள் வரிசையாக ஃபெயில் ஆனால், சாகித்ய அகாடமி விருதே வாங்கினாலும் "வகுப்பில் கதை எழுதிக்கொண்டிருந்தார்" என்றுதான் பேச்சு வரும்.

3. தொண்டையைக் காப்பாற்றுங்கள். அதுதான் உங்கள் மூலதனம்.

அறுபது பிள்ளைகள் இருக்கும் வகுப்பு, மேலே சத்தம் போடும் ஃபேன், வெளியே லாரி. இவற்றோடு போட்டி போட்டு வருஷக்கணக்கில் கத்தினால் குரல் நாணில் முடிச்சு விழும். எனக்கு விழுந்தது. ஒரு ஆகஸ்டில் குரல் கட்டியது, மிளகுப் பாலும் கற்பூரவல்லியும் போட்டு இழுத்தேன், நவம்பரில் சுத்தமாகப் போய்விட்டது. ஈ.என்.டி. டாக்டர் ஸ்கோப் விட்டுப் பார்த்துவிட்டுப் பேச்சையே நிறுத்தச் சொன்னார். கிசுகிசுப்பாகப் பேசலாமா என்று கேட்டேன். அது இன்னும் மோசம் என்றார். குசுகுசுவென்று பேசும்போதும் குரல் நாண் இறுகித்தான் வேலை செய்யுமாம். மருத்துவ விடுப்பில் ஊமையாக உட்கார்ந்திருந்த அந்த நாட்களில் நிறைய எழுதியிருப்பேன் என்று நினைக்கிறீர்களா? ஒரு வரி இல்லை. உடம்பு பயந்திருந்தால் கற்பனை வேலை செய்யாது.

அதற்குப் பிறகு செய்தவை: இடுப்பில் மாட்டிக்கொள்ளும் சின்ன மைக் செட் ஒன்று வாங்கினேன். முதல் வாரம் பிள்ளைகள் "பஸ் ஸ்டாண்டு அறிவிப்பு" என்று சிரித்தார்கள், இரண்டாம் வாரம் மறந்துவிட்டார்கள். வகுப்பை அடக்கக் கத்துவதை விட்டேன். கையை உயர்த்தி நின்றால் முன்வரிசை அடங்கும், மற்றதை முன்வரிசை பார்த்துக்கொள்ளும். கரகரப்பு இரண்டு மூன்று வாரம் தாண்டினால் கஷாயத்தை நம்பாமல் டாக்டரிடம் போங்கள்.

அடுத்து, தண்ணீர். பல பள்ளிகளில் ஆசிரியைகளுக்கு ஒழுங்கான கழிப்பறை கிடையாது. அதற்குப் பயந்து காலையிலிருந்து சாயங்காலம் வரை ஒரு டம்ளர் தண்ணீரோடு ஓட்டுகிறார்கள். நீர்க்கடுப்பு, சிறுநீர்த் தொற்று, வறண்ட தொண்டை, தலைவலி என்று வரிசையாக வரும். இதைக் கூச்சத்தோடு தனியாக அனுபவிக்காதீர்கள். நாலு பேராகச் சேர்ந்து பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் தீர்மானமாகப் போடவையுங்கள். தனி ஆள் கேட்டால் குறை, குழு கேட்டால் கோரிக்கை.

நாள் முழுக்க நிற்பதால் காலில் நரம்பு சுருட்டிக்கொள்வது நம் வேலையின் போனஸ். நின்ற இடத்திலேயே நிற்காமல் பெஞ்சுகளுக்கு இடையில் நடந்துகொண்டே பாடம் எடுங்கள். தனியாக நடைப்பயிற்சியும் வேண்டும். வாரத்துக்கு 150 நிமிடமாவது மிதமான உடற்பயிற்சி என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. அதாவது தினம் அரை மணி, ஐந்து நாள். போனை வீட்டில் வைத்துவிட்டு நடங்கள். சிக்கிக்கொண்ட அத்தியாயம் அவிழ்வது மேஜையில் அல்ல, ரேஷன் கடைத் திருப்பத்தில்தான். தூக்கத்தைத் திருடி எழுதுகிறேன் என்று பெருமை பேசாதீர்கள். ஏழு மணி நேரத்துக்குக் கீழே போனால் மறுநாள் பிள்ளைகள் மேல் எரிந்து விழுவீர்கள், பிரஷர் மாத்திரையும் சீக்கிரம் வீட்டுக்கு வரும்.

4. பள்ளி காலண்டரோடு சண்டை போடாதீர்கள்.

மார்ச்சில் பொதுத்தேர்வு, பின்னாலேயே வேல்யூவேஷன் கேம்ப். அந்த வாரங்களில் நாவல் எழுத உட்காராதீர்கள். நூறு விடைத்தாளில் ஒரே பதிலை நூறு விதமாகப் படித்த மூளைக்கு வாக்கியம் எதுவும் சரியாகத் தெரியாது. அந்த நேரத்தில் படியுங்கள், குறிப்பு மட்டும் எடுங்கள். முதல் டிராஃப்ட் ஜூலை தொடங்கி அரையாண்டுத் தேர்வு வரை. மே மாத லீவு திருத்துவதற்கு. லீவில் புதிதாகத் தொடங்கலாம் என்று எல்லாரும் நினைக்கிறார்கள். முதல் வாரம் தூக்கம், இரண்டாம் வாரம் குலதெய்வம், மூன்றாம் வாரம் வெயில், பிறகு அட்மிஷன். கையில் டிராஃப்ட் இருந்தால்தான் மே மாதம் பிரயோஜனம்.

சென்னைப் புத்தகக் கண்காட்சி பொங்கலை ஒட்டி வருகிறது. பதிப்பகங்களின் வருஷமே அதை வைத்துத்தான் சுழல்கிறது. மே மாதம் திருத்திய பிரதி ஜூன், ஜூலையில் பதிப்பாளர் மேஜைக்குப் போகவேண்டும். நவம்பரில் அனுப்பிவிட்டு ஜனவரியில் புத்தகம் கேட்டால், மெய்ப்புக்கூடப் பார்க்காமல் பிழையோடுதான் வரும். முப்பதை நெருங்குகிறவர்கள் இன்னொரு கணக்கும் போடுங்கள்: சாகித்ய அகாடமியின் யுவ புரஸ்கார் 35 வயது வரைதான். ஆசைப்படுவது குற்றம் இல்லை, தேதியைத் தவறவிடுவதுதான் முட்டாள்தனம்.

5. பிள்ளைகள் உங்கள் கதாபாத்திரங்கள் அல்ல.

வகுப்பறை ஒரு சுரங்கம். அதற்காக, உங்களை நம்பி ஒரு பெண் குழந்தை சொன்ன வீட்டுக் கதையை ஊரும் உருவமும் தெரிய எழுதினால், எழுத்தாளர் என்பதற்கு முன்னால் ஆசிரியராகத் தோற்றுவிட்டீர்கள். குழந்தை மேல் நடந்த பாலியல் குற்றம் என்றால் அடையாளத்தை வெளியிடுவது போக்சோ சட்டப்படி குற்றமும்கூட. நான் பின்பற்றும் வழி: அன்றாடம் கேட்ட பேச்சு, ஒரு செருப்பு, ஒரு மதியச் சோற்று மணம், இவற்றை நோட்டில் எழுதுவேன், பெயரை எழுத மாட்டேன். அந்தப் பிள்ளை பள்ளியைவிட்டுப் போய் ஐந்து வருஷம் ஆகட்டும். அதற்குள் நினைவே பாதியை மாற்றிவிடும், அந்த மாறிய பாதிதான் கதை.

வேலை பார்க்கும் ஊரையே எழுதுவதில் இன்னொரு ரிஸ்க் இருக்கிறது. பெருமாள்முருகன் அரசுக் கல்லூரி ஆசிரியராக இருந்தவர். 2010-ல் வந்த அவருடைய 'மாதொருபாகன்' நாவல் மேல் நாலு வருஷம் கழித்துத் திருச்செங்கோட்டில் எதிர்ப்பு கிளம்பியது. 2016 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் எழுத்தின் பக்கம் நின்றது. ஆனால் அந்தத் தீர்ப்பு வருவதற்குள் அவர் சொந்த வட்டாரத்தைவிட்டு இடம் மாற வேண்டியிருந்தது. எழுதாதீர்கள் என்று சொல்லவில்லை. என்ன விலை என்று தெரிந்துகொண்டு எழுதுங்கள்.

6. பேப்பர் ஒர்க்.

அரசு வேலை என்றால் தமிழ்நாடு அரசு ஊழியர் நடத்தை விதிகள், 1973 உங்களுக்குப் பொருந்தும். புத்தகம் போடுவதற்கு முன் ஆபீஸில் தற்போதைய நடைமுறையைக் கேட்டு, எதையும் எழுத்தில் கொடுத்து, நகலில் சீல் வாங்கி வையுங்கள். தனியார் பள்ளி என்றால் அப்பாயின்ட்மென்ட் ஆர்டரை முழுசாகப் படியுங்கள். வேலையின் பகுதியாக எழுதிக்கொடுத்ததன் காப்புரிமை பொதுவாக முதலாளிக்கு. வீட்டில் எழுதிய நாவல் உங்களுக்கு. பள்ளி லேப்டாப்பில் எழுதி இந்தக் கோட்டைக் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

பதிப்பாளரிடம் வாய்வார்த்தை வேண்டாம். உரிமையை எழுதிக்கொடுக்கும்போது எத்தனை வருஷம் என்று போடாவிட்டால் ஐந்து வருஷம் என்று 1957-ம் வருஷக் காப்புரிமைச் சட்டம் எடுத்துக்கொள்ளும். எந்த எல்லை வரை என்று போடாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும். ஆடியோ, மொழிபெயர்ப்பு, சினிமா மூன்றையும் தனித்தனியாக எழுதுங்கள். "நீங்க கொஞ்சம் காப்பி வாங்கிக்கணும் சார்" என்று முதல் சந்திப்பிலேயே சொல்பவர் பதிப்பாளர் இல்லை, பிரின்டர். பிரின்டரிடம் பிரின்டர் ரேட்டில் பேசுங்கள்.

7. வேலையை விடுவது பற்றி.

விடாதீர்கள். இமையம் பள்ளி ஆசிரியராக இருந்தவர்தான், 1994-ல் 'கோவேறு கழுதைகள்', 2020-க்கான சாகித்ய அகாடமி விருது. 'கருக்கு' எழுதிய பாமாவும் பள்ளி ஆசிரியையாக இருந்தவர். தி. ஜானகிராமன் பள்ளி வேலையை விட்டார், ஆனால் போய்ச் சேர்ந்தது அகில இந்திய வானொலியில் இன்னொரு மாதச் சம்பளத்துக்கு. ஸ்டீபன் கிங் விட்டதும் 'கேரி'யின் பேப்பர்பேக் உரிமை நாலு லட்சம் டாலருக்கு விலைபோன பிறகு. தமிழில் 300 பிரதி விற்று, பத்து சதவீத ராயல்டி, 250 ரூபாய் புத்தகம் என்றால் கைக்கு வருவது 7,500 ரூபாய். ஒரு மாத மளிகைக்குச் சரியாக இருக்கும்.

8. புத்தகம் வந்துவிட்டது. இப்போது?

ஸ்டாஃப் ரூமில் இலவசமாகக் கொடுக்காதீர்கள். இலவசப் பிரதி மேஜை டிராயரில் பரீட்சைப் பேப்பருக்கு அடியில் போய்விடும். சம்பளம் ஏறிய மறுநாள் பத்துப் பிரதி கொண்டுபோங்கள், ஜி-பே வாங்குங்கள். காசு கொடுத்தவர் முதல் அத்தியாயமாவது படிப்பார், குறையும் சொல்வார், கேட்டுக்கொள்ளுங்கள். பள்ளி நூலகத்துக்கு ஒன்று நன்கொடை. ஹெச்.எம்.முக்கு மட்டும் கையெழுத்துப் போட்டு ஃப்ரீ. அடுத்த நாவலுக்கான சி.எல். அவர் கையில் இருக்கிறது.